கண் போனால் காது கூர்மையாகுமா?

கண் தெரியாதவர்களுக்குக் காது கூர்மை என்று நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். பலமுறை சொல்லியும் இருக்கிறோம். ஜார்ஜ் டவுன் மார்க்கெட் தெரு முனையில் வெள்ளைக் கோல் ஏந்திய ஒருவர், மோட்டார் சைக்கிள்களுக்கும் பூக்கடைகளுக்கும் இடையே இடிபடாமல் நடந்து சென்றால், பார்த்து நிற்பவர்கள் வியந்து போகிறார்கள். ஆண்டவன் ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுத்துவிடுகிறான் என்று மனத்தை ஆற்றிக்கொள்கிறார்கள். இரக்கத்தில் பிறந்த பேச்சுதான் இது. ஆனால் இந்த இரக்கத்துக்குப் பார்வையற்றவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. இந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, அதில் உண்மை எவ்வளவு, அது யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை இன்று பார்ப்போம்.

தமிழர்களாகிய நமக்கு இது புதிதன்று. பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வையற்றவர். திருவாரூர்க் கோயில் குளம் தூர்ந்து குறுகியதை அறிந்து, அதைத் தாமே தோண்டிப் பெருக்க முனைந்தார். குளத்துக்குள் ஒரு தறி, கரையில் ஒரு தறி. இரண்டையும் இணைத்து ஒரு கயிறு. அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். தடவிக்கொண்டே ஏறி மண்ணைக் கொட்டினார் என்கிறார் சேக்கிழார். பின்னர் இறைவன் அருளால் அவர் கண் பெற்றார். அந்த அற்புதம் நம் எல்லார்க்கும் நினைவிருக்கிறது. கயிறுதான் மறந்து போகிறது!

புலவர்கள் கதையும் அப்படியே. பதினேழாம் நூற்றாண்டில் பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் திருக்கழுக்குன்றப் புராணம் பாடியவர். அவருடைய முதுகில் விரலால் எழுதிக் காட்டி எழுத்தறிவித்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஐரோப்பாவில் பார்வையற்றோர் பள்ளி என்ற ஒன்று தோன்றுவதற்கு முன்பே, ஒரு தமிழ்ச் சிற்றூரில் யாரோ ஒருவர் தொடுபுலன் வழியே எழுத்தைக் கற்பிக்கலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார். அவர் பெயர் நம்மிடம் இல்லை. புலவரின் "அகக்கண்" பற்றிய புகழ் மட்டும் இருக்கிறது. பழனியில் 1836இல் பிறந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் மூன்று வயதில் அம்மை நோயால் கண்களை இழந்தவர். அவருடைய நினைவாற்றலைப் பார்வை போனதற்கு ஈடாக வந்த வரம் என்பார்கள். ஆனால் ஏடுகள் அரிதாயிருந்த காலத்தில் கண்ணுள்ள புலவர்களும் ஆயிரக்கணக்கான பாடல்களை மனத்தில்தான் சுமந்தார்கள். அவர்கள் செய்தால் பயிற்சி, இவர் செய்தால் வரம் என்று சொல்வது என்ன நியாயம்?

முறையான கல்விக்கு வருவோம். பாரிசில் 1784இல் வாலந்தின் அய் என்பவர் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். அவர் நிறுவிய பள்ளியில் பின்னாளில் படித்த லூயி பிரெய்ல், 1824இல், பதினைந்து வயதில், ஆறு புள்ளி எழுத்தை உருவாக்கினார். தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் இந்தப் பணியைத் தொடங்கினார். மலாயாவில் 1926இல் ஆங்கிலிக்கன் திருச்சபையார் மலாக்காவில் செயின்ட் நிக்கலஸ் இல்லத்தை நிறுவினர். அது பிறகு பினாங்குக்கு வந்தது. பாகான் ஜெர்மால் சாலையில் இருக்கும் அந்த இல்லத்தை நம்மில் பலர் கடந்து போயிருப்போம்.

அங்கே புள்ளி எழுத்தைத் தொட்ட எந்தக் குழந்தைக்கும் முதல் நாளில் அது நமக்குத் தெரிவது போல வெறும் மேடுபள்ளமாகத்தான் தெரிந்திருக்கும். வாசிக்க வாசிக்கத்தான் விரல் தேறுகிறது. 2011இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பார்வையற்றவர்களின் விரல் நுனி நுண்ணிய கோடுகளைப் பிரித்தறிவதில் மற்றவர்களை மிஞ்சியது. ஆனால் உதட்டில் சோதித்தபோது வேறுபாடு இல்லை. கண் போனதாலேயே தொடுபுலன் கூடுமானால் உதட்டிலும் கூடியிருக்க வேண்டுமே!

காதின் கதை இன்னும் சுவையானது. சுவரில் மோதுவதற்கு முன்பே பார்வையற்றவர் நின்றுவிடுகிறாரே, அது எப்படி? முகத்தில் படும் காற்றால் பொருள்களின் நெருக்கத்தை அறியும் ஒருவரைப் பற்றி 1749இலேயே பிரெஞ்சு அறிஞர் திதரோ எழுதினார். அதன்பின் வந்தவர்கள் முகத்தோலில் ஒரு தனிப் புலன் இருப்பதாகவே நம்பி, "முகப்பார்வை" என்று பெயரும் இட்டார்கள். பார்வையற்றவர்களிலேயே பலர் அப்படித்தான் நம்பினார்கள்.

1944இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மூவர் இதைச் சோதித்து வெளியிட்டனர். அவர்களில் ஒருவரான மைக்கேல் சூப்பா பார்வையற்றவர். பார்வையற்ற இருவரையும், கண்ணைக் கட்டிய பார்வையுள்ள இருவரையும் ஒரு தடுப்பை நோக்கி நடக்கச் செய்தனர். முகத்தைக் கனத்த துணியால் மூடியபோதும் தடுப்பை உணர்ந்தார்கள். காதை அடைத்ததும் போய் மோதினார்கள். அவர்களை வேறு அறையில் உட்கார வைத்து, இன்னொருவர் நடக்கும் ஓசையை மட்டும் ஒலிவாங்கி வழியாகக் கேட்கச் செய்தபோதும் தடுப்பு நெருங்குவதைச் சொன்னார்கள். ஆக, அது எதிரொலி. கண் கட்டப்பட்டவர்களும் பழகப் பழக அதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது.

இதை உணர்ந்து பார்க்கப் பினாங்கைவிட நல்ல ஊர் இல்லை. பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நடந்தால், பக்கச் சுவர் முடிந்து சந்து திறக்கும் இடத்தில் நம் காலடி ஓசை மாறுவது கேட்கும். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் ஏறி இறங்கும் தரையையும், பாதையை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிளையும் எதிரொலி நம்பகமாகச் சொல்லாது. அதற்குக் கோல் வேண்டும். அதைவிட, அந்த வண்டியை அங்கே நிறுத்தாத மனம் வேண்டும்.

அப்படியானால் கூர்மை என்பது முழுப் பொய்யா? அதுவும் இல்லை. பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ பார்வை இழந்தவர்களின் மூளையில், பார்வைக்குரிய பகுதி சும்மா கிடப்பதில்லை. புள்ளி எழுத்தை வாசிக்கும்போது அது இயங்குவதை 1996இல் கண்டறிந்தனர். பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்மணிக்குப் பக்கவாதம் அந்தப் பகுதியைத் தாக்கியபோது, விரலில் உணர்ச்சி இருந்தும் புள்ளி எழுத்தை வாசிக்க முடியாமல் போயிற்று என்று 2000இல் எழுதினர். ஓசையின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறிவதிலும் இளமையில் பார்வை இழந்தோர் சிலர் மேம்பட்டிருந்தனர். ஆனால் ஓசை மேலிருந்து வருகிறதா கீழிருந்து வருகிறதா என்று அறிவதில், குறிப்பாக இரைச்சல் நடுவே, அவர்கள் பின்தங்கியதையும் ஆய்வுகள் காட்டின. வயது முதிர்ந்து பார்வை இழப்பவர்களுக்கு இந்த ஆதாயங்கள் பெரும்பாலும் கிட்டுவதில்லை. நம் நாட்டில் 50 வயதைக் கடந்தோரிடையே பார்வையிழப்புக்கு முதற் காரணம் கண்புரை. நீரிழிவும் ஒரு காரணம். அறுபது வயதில் கண் மங்கிய பெரியவருக்குக் காதும் மந்தமாகியிருக்கும். அவரிடம் போய், "உங்களுக்குத்தான் காது கூர்மையாயிற்றே" என்றால் அவர் என்ன செய்வார்?

இனி வேலைக்கு வருவோம். நம்பிக்கை கடிக்கத் தொடங்குவது இங்கேதான். நம் கர்னி டிரைவுக்குப் பெயர் தந்த சர் ஹென்றி கர்னியின் பெயராலேயே கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையமும் அமைந்தது. கூடை பின்னுதல், பிரம்பு வேலை, பிறகு தொலைபேசி இயக்குநர் வேலை, உடம்பு பிடித்துவிடும் தொழில் என்று பயிற்சிகள் வந்தன. அவற்றால் பிழைத்த குடும்பங்கள் பல. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் காது கூர்மை என்றால் தொலைபேசி, கை கூர்மை என்றால் உடம்புபிடி என்று எண்ணம் ஓடியபோது, கணக்கோ சட்டமோ படிக்க விரும்பிய பிள்ளைக்கு யாரும் வழி காட்டவில்லை. தானியங்கி இணைப்பகங்கள் வந்தன. தொலைபேசி நாற்காலிகள் குறைந்தன.

உடம்புபிடிக்கு நீண்ட வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டு ஜப்பானில் பார்வையற்றவரான சுகியாமா வாயிச்சி ஊசி மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்றுத் தம்மைப் போன்றோருக்குக் கற்பித்தார். ஜப்பானியர் ஆட்சியின் வழியே அந்த மரபு கொரியாவிலும் வேரூன்றியது. பின்னாளில் தென் கொரியாவிலும் தைவானிலும் உடம்புபிடித் தொழில் பார்வையற்றோருக்கே உரியது என்று சட்டம் இருந்தது. 2008 அக்டோபரில், அடுத்தடுத்த இரண்டு நாள்களில், இரு நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றங்களும் தீர்ப்புச் சொன்னன. 30ஆம் தேதி தென் கொரியா அந்த ஒதுக்கீட்டை ஏற்றது. 31ஆம் தேதி தைவான் அதைத் தள்ளி, மூன்று ஆண்டுக்குள் அந்த விதி காலாவதியாகும் என்றது. தைவான் நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று, பார்வையற்றோரின் திறமை உடம்புபிடியோடு நின்றுவிடுவதில்லை என்பதை அதிகாரிகள் மறக்க அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பது. கொரியாவில் அந்தச் சட்டத்தைக் காக்கத் தெருவில் இறங்கிப் போராடியவர்களோ பார்வையற்றவர்களே. இந்த ஒரு தொழிலும் போனால் வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று அவர்கள் கேட்டார்கள்.