தோட்டத் தெருவும் பொதுத் தெருவும்: மலைநாட்டுப் போக்குவரத்துத் திட்டங்களின் தாமதம் பற்றிய ஓர் ஆய்வு

இலங்கையின் மத்திய மலைநாட்டிற் போக்குவரத்து வளர்ந்த கதை பெரும்பாலும் பொறியியலாளரின் வெற்றிக் கதையாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும் தெரு, அற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் மலையைக் குடைந்து செல்லும் சிங்கமலைச் சுரங்கம், தெமோதரையிற் புகையிரதப் பாதை வட்டமிட்டுத் தனக்குக் கீழேயே நுழைந்து செல்லும் அமைப்பு ஆகியன வியப்புக்குரியனவே. அவற்றைக் குறைத்துக் கூறுதல் எமது நோக்கமன்று. ஆயினும், இத்திட்டங்கள் கேட்கப்பட்ட காலத்துக்கும் நிறைவேறிய காலத்துக்கும் இடையிற் பத்து, இருபது, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகள் வரை கழிந்தமை ஏன் என்பது தனியே ஆராயத்தக்கது. மலையும் மழையும் தடையாயின என்று கூறிவிடுவது எளிது. செலவை யார் பொறுப்பது, வெட்டிய பாதை யாருக்கு உரியது என்னும் இரு வினாக்களே பாறையிலும் பார்க்க வலிய தடைகளாக நின்றன என்பதே எமது கருத்தாகும். நுவரெலியா, அற்றன் பகுதிகளிற் பெருந்தோட்டங்களுக்கு உள்ளே செல்லும் தெருக்களைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்குச் சட்ட அளவிலேனும் ஒரு விடை கிடைப்பதற்கு 2018ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கண்டித் தெருவிலிருந்து தொடங்குவோம். தேசாதிபதி எட்வேட் பாண்ஸ் காலத்தில், 1820களில், கப்டன் டோசனின் மேற்பார்வையில் அமைந்த இத்தெருவுக்குப் பணச் செலவு பெரிதாக இருக்கவில்லை. இராசகாரியம் என்னும் கட்டாய உழைப்பு அதற்குக் கைகொடுத்தது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது தெரு அமைக்கும் செலவை யார் ஏற்பது என்ற வினா முதன்முறையாக வெளிப்பட எழுந்தது. 1848ஆம் ஆண்டின் தெருக் கட்டளைச் சட்டம் அதற்கு அளித்த விடை, 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் ஆண்டுதோறும் ஆறு நாட்கள் தெரு வேலை செய்ய வேண்டும், அன்றேல் ஈடாகப் பணம் செலுத்த வேண்டும் என்பதாகும். கோப்பித் துரைமார் வேண்டிய தெருவைக் கிராமத்தார் வெட்ட வேண்டியவராயினர். அவ்வாண்டு யூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணமாயிற்று.

புகையிரதப் பாதையின் கதையும் இவ்வாறானதே. 1845இல் இலண்டனில் இலங்கைப் புகையிரதக் கம்பனி தோற்றுவிக்கப்பட்டது. கொழும்புக்கும் கண்டிக்கும் இடையில் மாட்டு வண்டியிற் கோப்பி இறங்கவும் அரிசி ஏறவும் வாரக் கணக்கிற் சென்ற காலம் அது. ஆயின் 1847இல் கோப்பி விலை வீழ்ந்ததும் திட்டம் உறங்கிப்போயிற்று. 1854இற் கண்டியிற் கூடித் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்த தோட்டத்துரைமார் அதனை மீண்டும் எழுப்பினர். தேசாதிபதி ஹென்றி வாட் 1858 ஓகத்து 3ஆந் திகதி முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். தொடக்கத்தில் ஏறத்தாழ எட்டரை இலட்சம் பவுண் என மதிப்பிடப்பட்ட செலவு, புதிய அளவையின் பின் இருபது இலட்சத்தைத் தாண்டிற்று. கம்பனியின் இலாபத்துக்கு அரசு உத்தரவாதம் அளித்திருந்தமையால் நட்டம் எவர் தலையில் விழும் என்பது தெளிவாயிற்று. 1861இல் கம்பனியோடு செய்த உடன்படிக்கை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டு, அரசே திட்டத்தைக் கையேற்றது. 1867இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் இடையில் இருபத்திரண்டு ஆண்டுகள். அவற்றுள் மலையை வெட்டக் கழிந்தது சிறு பகுதியே. எஞ்சிய காலம் கணக்கேட்டின் மேல் நிகழ்ந்த வழக்கிற் சென்றது.

பாதை 1874இல் நாவலப்பிட்டியை அடைந்து அங்கே நின்றது. அதற்கு மேலே திம்புள்ளை, டிக்கோயா, மஸ்கெலியா என விரிந்த புதிய கோப்பித் தோட்டங்கள் யாவும் நாவலப்பிட்டியையே நம்பியிருந்தன. பாதையை நீட்டுமாறு தோட்டத்துரைமார் சங்கமும் கொழும்பு ஆங்கிலப் பத்திரிகைகளும் விடாது வற்புறுத்தின. ஏற்கெனவே உள்ள கடன் தீரட்டும் என்பது மறுதரப்பாரின் வாதமாயிருந்தது. ஈற்றில் 1884இல் அற்றனுக்கும் 1885இல் நானு ஓயாவுக்கும் வண்டி வந்தது. இவ்விடத்தில் வரலாற்றின் விநோதமொன்றைக் குறிப்பிடாதிருக்க முடியாது. கோப்பிக்கென்று கேட்கப்பட்ட பாதை திறக்கப்பட்டபோது கோப்பி மடிந்துகொண்டிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கண்டறியப்பட்ட இலைநோய் பதினைந்து ஆண்டுகளுள் அப்பயிரை அழித்தது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் மட்டும் பயிரிடப்பட்டிருந்த தேயிலை, 1895இல் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. அற்றன் நிலையத்திலிருந்து இறங்கியது தேயிலைப் பெட்டியே. திட்டமிட்டோரின் தூரநோக்கு என்று பிற்காலத்திற் புகழப்பட்டது, உண்மையில் தாமதம் தந்த தற்செயற் பயனாகும்.

நானு ஓயாவிலிருந்து அப்புத்தளைக்குப் பாதை செல்ல 1893 வரையும், பதுளைக்குச் செல்ல 1924 வரையும் பிடித்தன. ஊவாவை நோக்கிய பாதை நுவரெலியா நகரினுட் புகாது, அதனை ஒருபுறம் விட்டுச் சென்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம்போற் கிடக்கும் நகருக்கு அகலப் பாதையை ஏற்றி மீண்டும் இறக்குவது செலவுமிக்கதாகக் கருதப்பட்டது. அக்குறையைத் தீர்க்க 1903–04இல் நானு ஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடி அகலமுள்ள சிறு பாதை அமைந்தது. லொறிகளின் போட்டியால் அது 1940களில் மூடப்பட்டு, 1948உடன் முற்றாக மறைந்தது. நகரம் மீண்டும் தெருவையே நம்பலாயிற்று.

இவை யாவும் முதன்மைப் பாதைகளின் கதை. எமது கவனத்துக்குரிய பொருள் இதற்கு அடுத்த படியிலே உள்ளது. வரலாற்றாசிரியர் அதிகம் நின்று பாராத இடமும் அதுவே. நிலையத்திலிருந்து தோட்டத்துக்குச் செல்லும் கிளைத் தெருக்களுக்கென 1866இலும், பின்னர் 1896இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. பயன்பெறும் தோட்டங்கள் செலவில் ஒரு பங்கை ஏற்றால் அரசு மறு பங்கை ஏற்கும் என்பது அவற்றின் அடிப்படை. பார்வைக்கு நியாயமான ஏற்பாடே. ஆனால் பங்கு செலுத்துவோரின் விருப்பமே தெருவின் போக்கை நிர்ணயித்தது. ஆதலால் தெரு தொழிற்சாலையை நிலையத்தோடு இணைத்தது; லயத்தை வைத்தியசாலையோடோ பாடசாலையோடோ இணைக்கவில்லை. மலைநாட்டின் தெருப் படத்தை விரித்துப் பார்ப்போர் இதனை எளிதிற் காணலாம். தெருக்கள் மரத்தின் கிளைகள்போலப் பிரிந்து சென்று, ஒவ்வொரு கிளையும் ஒரு தொழிற்சாலையின் வாயிலில் முடிவடையும். கிளையோடு கிளை சேர்வது அரிது. ஓர் ஓடையின் இருகரையிலுமுள்ள இரு தோட்டத்தார் ஒருவரை ஒருவர் கூவி அழைக்கலாம். வண்டியிற் செல்வதாயின் அடிவாரத்துக்கு இறங்கி மீண்டும் ஏற வேண்டும். தேயிலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அலுவல் இல்லை, மனிதருக்கு உண்டு. இக்காரணத்தாற்றான் ஒவ்வொரு மலையிலும் கொழுந்து நிரைகளுக்கு இடையே காலால் மிதித்து உண்டான குறுக்குப் பாதைகள் தோன்றின. அவை எந்தப் படத்திலும் இல்லை.

தோட்ட எல்லைக்குள் நுழைந்த தெரு முற்றிலும் தனியார் சொத்தாயிற்று. இதன் பொருள் கல்லும் தாரும் பற்றியது மட்டுமன்று. யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதையும் துரையே தீர்மானித்தார். அனுமதியின்றி நுழைந்தோர் மீது அத்துமீறற் குற்றம் சுமத்தலாம். பிற்காலத்தில் அற்றன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினராக விளங்கிய கோ. நடேசையர், தொடக்கத்திற் புடைவை வியாபாரி வேடத்திலேயே தோட்டங்களுட் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார் என்று கூறப்படுவதுண்டு. ஒரு தெருவில் நடப்பதற்கு வேடம் புனைய வேண்டியிருந்தது என்பதைத் தொழிற்சங்க வரலாற்றின் சுவையான செய்தியாக மட்டும் கொள்ளுதல் போதாது. தெருவின் உடைமை பற்றிய வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு.

உள்ளூராட்சி வளர்ந்தபோது இப்பிரிவினை தளரவில்லை, இறுகியது. கிராமச் சங்கங்களுக்கான சட்டத்தை 1937இல் திருத்த முற்பட்டபோது, தோட்டத் தொழிலாளருக்கு அச்சங்கங்களில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. இந்திய அரசின் ஆட்சேபத்தையும் பெற்ற இவ்விடயம் பெரும்பாலும் இனப்பிரச்சினையாகவே பேசப்பட்டுள்ளது. அது பொருத்தமே. ஆயினும் அதன் நடைமுறை விளைவொன்று கவனத்துக்குரியது. தெரு, பாலம், கிணறு ஆகியன கிராமச் சங்கத்தின் அலுவல்கள். சங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் இவற்றைக் கேட்கும் உரிமைக்கும் வெளியே நிறுத்தப்பட்டான். 1948இன் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் பாராளுமன்றத்திலும் அவ்வாறே செய்தன. துரையிடம் கேட்பதன்றி வேறு வழி எஞ்சவில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. அரசின் காணியிலுள்ள தெரு அரசின் தெருவே அன்றோ என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். அவ்வாறு நிகழவில்லை. அரச கூட்டுத்தாபனமும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் பழைய கம்பனிகளின் இடத்தில் அமர்ந்தன. தெரு தோட்டத்தின் உடைமையாகவே இருந்தது. 1992இல் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் இதே நிலை நீடித்தது. உடைமையும் நிருவாகமும் மாறியும் தெருவின் தன்மை மாறாதிருந்தமை ஊன்றிச் சிந்திக்கத்தக்கது.

இடையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, பிரதேச சபையின் நிதியைத் தோட்டங்களுக்குள்ளே செலவிட இடமளிக்கவில்லை என்றே பொருள்கொள்ளப்பட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்ட மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் தோட்டத் துறையைச் சேர்ந்தவர்கள். அக்காலத்தில் அவர்கள் பிரதேச சபைத் தேர்தலில் வாக்களித்தனர்; உறுப்பினராகவும் தவிசாளராகவும் தெரிவாயினர். ஆனால் தாம் வாழும் லயத்துக்குச் செல்லும் தெருவில் ஒரு கூடை கல்லைக் கொட்டவும் அச்சபையால் இயலவில்லை. 1937இல் வாக்கு இல்லாதவனுக்குத் தெரு இல்லை என்பது நிலைமை; 1987இன் பின் வாக்கு உண்டு, தெரு இல்லை.

இதற்கு ஆதரவாகக் கூறப்பட்ட நியாயங்களை நாம் புறக்கணிக்கவில்லை. குத்தகைக் காணியிற் பொது நிதியைச் செலவிட்டால் அதன் பயன் இலாபம் தேடும் கம்பனிக்கே சேரும் என்றனர் ஒருசாரார். கொழுந்து லொறியும் உர லொறியும் ஓடித் தேய்த்த தெருவை மக்களின் வரிப்பணத்தாற் செப்பனிடுவதா என்னும் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. தேயிலை விலையின் ஏற்ற இறக்கத்திடையே பொதுமக்களுக்கான தெருவைத் தாமே பேணுவது எங்ஙனம் என்பது கம்பனிகளின் வாதம். இரண்டும் பாதி உண்மைகள். இவ்விரு பாதிகளுக்கும் நடுவில், பிள்ளைப்பேற்றுக்கான பெண்ணைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்வதும், லொறியும் ஏறாத இடத்தில் நோயாளியைத் தோளிற் சுமந்து இறங்குவதும் மலைநாட்டின் வழக்கமாயின. 1845இற் கம்பனியும் அரசும் நடத்திய அதே வழக்கே மீண்டும் நடைபெற்றது. கோப்பிக்கு அன்று இருபத்திரண்டு ஆண்டுகளில் தீர்ப்புக் கிடைத்தது.

பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தோட்டப் பகுதிகளில் தெரு முதலிய பொது வசதிகளுக்குச் சபை நிதியைப் பயன்படுத்த அத்திருத்தம் வழி திறந்தது. 1987இலிருந்து எண்ணினால் முப்பத்தோர் ஆண்டுகள். அதே காலத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவைப் பிரதேச சபைகள் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய இடங்களிற் புதிய சபைகள் அமைந்தன. திருத்தம் அதிகாரத்தைத் தந்தது; நிதியைத் தரவில்லை. புதிய சபைகளின் எல்லைக்குள் பெரும்பகுதி தேயிலைக் காணியே ஆதலின் அவற்றின் சொந்த வருமானம் சிறிது. தவிர, தோட்டக் காணியில் வேலை செய்வதற்கு நிருவாகத்தின் இணக்கமும் தேவைப்படுகிறது. கடை வீதியும் வாடகையும் கொண்ட நகர சபையோடு இவற்றை ஒப்பிடுவது பொருந்தாது.

இறுதியாக, நானு ஓயாவுக்கு அண்மையிலுள்ள இரதல்லைக் குறுக்குத் தெருவையும் இங்கு கருத வேண்டும். அற்றன்–நுவரெலியா நெடுஞ்சாலையின் வளைவுகளைத் தவிர்த்து, தேயிலை மலைகளினூடே செங்குத்தாக ஏறும் இத்தெரு தூரத்தைக் குறைப்பதால் வாகனங்கள் அதனை நாடின. 2023 சனவரி 20ஆந் திகதி கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த மாணவர்களின் பேருந்து இத்தெருவிற் கட்டுப்பாட்டை இழந்து, வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது. எழுவர் உயிரிழந்தனர், மாண்டோர் அனைவரும் அவ்விரு சிறு வாகனங்களிலும் சென்றோரே. அதன் பின் கனரக வாகனங்களுக்கு அத்தெருவிற் தடை விதிக்கப்பட்டது. சுற்றுலாப் பருவத்தில் நுவரெலியாவை நோக்கி ஏறும் வாகனங்களுக்கு ஏற்ற மாற்றுவழியை உரிய அளவையோடும் சரிவோடும் அமைப்பதா, மலைச்சரிவின் வழியைத் தடைப்பலகையாற் காப்பதா என்பது இவ்விபத்தின் பின் எழும் கேள்வியாகும். தடைப்பலகை மலிவானது. ஒரு நூற்றாண்டுக்கு முன், நகரினுட் செல்லாத புகையிரதப் பாதைக்குச் சிறு பாதை ஒன்று ஈடாக அமைந்தபோதும் முடிவைத் தந்தது செலவுக் கணக்கே.