விமானம் நிலைகொண்ட கதை

விமானப் பயணத்தின்போது சன்னலோரத்தில் இடம் கிடைத்தால் இறக்கையின் பின்விளிம்பைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கீல் வைத்த சில பலகைகள் மேலும் கீழும் அசைவதைக் காணலாம். பார்வைக்கு அவை அற்பமாகத் தோன்றும். ஆனால், அவை செய்யும் வேலையைச் செய்ய வழி தெரியாமல் உயிர் விட்டோரும் உண்டு.

முதலில், இறக்கை விமானத்தை எவ்வாறு தூக்குகிறது? மேற்புறம் வளைந்து, முன்விளிம்பு சற்றே நிமிர்ந்திருக்கும் இறக்கை, விரைந்து செல்லும்போது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அப்போது மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது, அடிப்புறத்தில் கூடுகிறது. இந்த வேறுபாடே தூக்குவிசை. மேலே செல்லும் காற்று, கீழே செல்லும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக விரைகிறது என்று சில நூல்களில் படித்திருப்பீர்கள். அது சரியன்று, மேற்காற்று முந்தியே போய்விடுகிறது.

தூக்குவது ஒரு வேலை, முன்னே செலுத்துவது வேறு வேலை என்று பிரித்துப் பார்த்தவர் இங்கிலாந்தின் சர் ஜார்ஜ் கெய்லி. அசையாத இறக்கையும் வாலும் கொண்ட ஊர்தியின் படத்தை 1799இல் ஒரு வெள்ளித் தகட்டில் அவர் பொறித்து வைத்தார். அதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஜெர்மானியரான ஓட்டோ லிலியெந்தால், இயந்திரமில்லாத இறக்கைகளைப் பூட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து ஏறக்குறைய 2000 முறை மிதந்து இறங்கினார். உடலையும் கால்களையும் ஆட்டித்தான் அவர் நிலை காத்தார். 1896 ஆகஸ்டு 9ஆம் நாள் அந்த வித்தை பலிக்கவில்லை. கீழே விழுந்தவர் மறுநாள் இறந்தார்.

அந்தச் செய்தி அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் சகோதரர்களைச் சிந்திக்க வைத்தது. தானாகவே ஆடாமல் செல்லும் ஊர்தியைப் பலரும் தேடிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளோ தானாக நிற்காது. ஓட்டுபவர்தான் ஒவ்வொரு கணமும் அதை நிமிர்த்துகிறார். விமானமும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று இவர்கள் கருதினார்கள். 1899இல் வில்பர் கடையில் ஒரு நீளமான அட்டைப் பெட்டியைக் கையில் வைத்து முறுக்கியபோது வழி தோன்றியது. இறக்கைகளையும் அவ்வாறே முறுக்கினால் ஒரு பக்கம் உயரும், மறுபக்கம் தாழும்.

ஆனால், 1901இல் செய்த ஊர்தி எதிர்பார்த்த அளவுக்குத் தூக்கவில்லை. மனம் சோர்ந்து ஊர் திரும்பியவர்கள், மரப்பெட்டிக்குள் விசிறியால் காற்றைச் செலுத்தி, 200 வகைச் சிற்றிறக்கைகள் வரை சோதித்தார்கள். அடுத்த ஆண்டு தூக்குவிசை கிடைத்தது. புதிய தொல்லையும் வந்தது. உயரும் இறக்கையைக் காற்று அதிகமாகப் பின்னிழுத்ததால், ஊர்தி எதிர்ப்பக்கமாகத் திரும்பிச் சுழன்று மணலில் மோதியது. காப்பி மிகுதியாகக் குடித்துவிட்டு உறக்கமின்றிக் கிடந்த ஓர் இரவில், அசையாத வாலை அசையும் சுக்கானாக்கலாம் என்ற எண்ணம் ஆர்வில் மனத்தில் எழுந்ததாம். அதை இறக்கை முறுக்கும் கயிற்றோடு இணைத்துவிடலாம் என்றார் வில்பர்.

இதன் பிறகே இயந்திரம் வந்தது. அவர்களிடம் பணியாற்றிய சார்லி டெய்லர் செய்த 12 குதிரைத்திறன் இயந்திரம் இரண்டு சுழல்விசிறிகளைச் சுழற்றியது. 1903 டிசம்பர் 17ஆம் நாள் ஆர்வில் முதலில் பறந்தது 12 விநாடி, 120 அடி. நான்காம் முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி பறந்தார்.

இக்கால விமானங்களில் இறக்கையை முறுக்குவதில்லை. தொடக்கத்தில் சொன்ன பலகைகளே விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கின்றன. வாலின் கிடைப்பலகை மூக்கை உயர்த்தித் தாழ்த்தும். செங்குத்தான சுக்கான் மூக்கை இடமும் வலமும் திருப்பும். 1911 மார்ச் 16ஆம் நாள், பெல்ஜியரான ஜோசப் கிறிஸ்தியான்ஸ் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் பந்தயத் திடலிலிருந்து பறந்தார். அந்த ஈரடுக்கு பிரிஸ்டல் விமானத்தில் முறுக்கும் இறக்கைக்குப் பதிலாகக் கீல் பலகைகளே இருந்தன. விமானம் நிற்கும்போது அவை தளர்ந்து தொங்கும். ஓடத் தொடங்கியதும் காற்றே அவற்றைத் தூக்கி நேராக்கும்.