சுருக்கமும் விளக்கமும்

நூலுக்குரிய அழகுகள் பத்து என வகுத்த பவணந்தி முனிவர், சுருக்கத்தை முதலிலும் விளக்கத்தை அதற்கடுத்தும் வைத்தார். நன்னூல் கூறும் இவ்விரண்டும் புலவர்க்கும் நூலாசிரியர்க்கும் மட்டுமே உரியன என்று கருதுவோர் உளர். அலுவலகக் கோப்புக்கும் இவையே உயிர்நாடி என்பதை இருபதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து வரலாறு காட்டுகிறது.

1940-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் வின்ஸ்டன் சர்ச்சில் பிரதமரானார். ஜூன் மாதத்தில் பிரான்சு வீழ்ந்தது. இங்கிலாந்தின் வானில் போர் மூண்டிருந்த வேளையில், ஆகஸ்டு 9-ஆம் நாள், அவர் தம் அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு விடுத்தார். அது படைகளைப் பற்றியதன்று, தாள்களைப் பற்றியது. ‘சுருக்கம்’ என்பதே அதன் தலைப்பு. வந்து குவியும் அறிக்கைகள் மிக நீண்டிருப்பதால், அவற்றுள் இன்றியமையாத செய்தியைத் தேடுவதிலேயே காலம் வீணாகிறது என்பது அவர் முறையீடு. முதன்மைக் கருத்துகளைச் சிறு பத்திகளில் தருதல், விரிந்த ஆய்வையும் புள்ளிவிவரங்களையும் பிற்சேர்க்கைக்குத் தள்ளுதல், இயலுமிடத்துத் தலைப்புகளை மட்டும் எழுதி எஞ்சியவற்றை நேரில் விளக்குதல், ஒரு சொல் போதுமான இடத்தில் வெற்றுத் தொடர்களை விலக்குதல் ஆகியன அவர் பணித்தவை. அக்குறிப்பும் ஒரே பக்கத்தில் முடிந்தது.

எனினும் அச்சுருக்கம் ஆள்வோரின் காலத்தைக் காக்க எழுந்தது. ஆளப்படுவோரின் பக்கம் நின்று அதே கேள்வியை எழுப்பியவர் சர் எர்னஸ்ட் கவர்ஸ். போர்க்காலத்தில் இலண்டன் வட்டாரத்தின் குடிமக்கள் பாதுகாப்புப் பணியை முன்னின்று நடத்திய மூத்த அதிகாரி அவர். கருவூலத் துறையின் வேண்டுகோளுக்கிணங்க அவர் எழுதிய ‘பிளெய்ன் வேர்ட்ஸ்’ என்னும் சிறுநூல் 1948-இல் அரசு வெளியீடாக வந்தது. அதே ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் தேசிய நலவாழ்வுப் பணியும் தேசியக் காப்பீட்டுத் திட்டமும் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தன. மருத்துவம், ஓய்வூதியம், வேலையிழந்தோர்க்கான உதவி என எளிய குடும்பங்களின் வாழ்வு அரசின் கடிதங்களைச் சார்ந்து நிற்கத் தொடங்கிய காலம் அது. கடிதம் புரியாவிடில் உரிமையும் கைக்கு எட்டாது.

தேவைக்கு மேல் ஒரு சொல்லும் வேண்டா. பழகிய சொல் இருக்க அரிய சொல்லை நாட வேண்டா. பொதுப்படக் கூறாது குறிப்பாகக் கூறுக. கவர்ஸ் வற்புறுத்திய நெறிகளின் சாரம் இதுவே. மங்கலான நடைக்கு அறியாமை மட்டுமே காரணமன்று என்பதையும் அவர் கண்டார். தெளிவாக எழுதினால் பொறுப்பேற்க நேரும். மழுப்பினால் தப்பிக்கலாம் என்னும் தற்காப்புணர்வும் அதனுள் ஒளிந்திருக்கிறது. ஆகவே தெளிவு என்பது நடையழகு மட்டுமன்று. படிப்பவர்பால் எழுதுவோர் காட்டும் மதிப்பும் ஆகும். அந்நூல் 1951-இல் வந்த இரண்டாம் நூலுடன் இணைந்து, 1954-இல் ஒரே தொகுதியாயிற்று. அவருடைய கொள்ளுப்பேர்த்தி திருத்திய பதிப்பு 2014-இல் வெளிவந்தது.

இவ்வரலாறு தமிழகத்திற்கும் அயலானதன்று. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அலுவலக நடையிலேயே இங்கும் கோப்புகள் எழுதப்பட்டு வந்தன. 1956-இல் சென்னை மாநிலம் தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. தமிழ் கோப்பில் ஏறியபோது பழைய நடையும் உடனேறியது. ‘விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை’ என்று முடிக்க வேண்டிய இடத்தில், ‘விண்ணப்பம் ஏற்கத்தக்க நிலையில் இல்லை என்பது இதன்வழித் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது’ என்று எழுதும் பழக்கம் வேரூன்றியது. சொற்கள் தமிழாயின, மறுத்தவர் யார், ஏன் மறுத்தார் என்பன மறைந்தே நின்றன.

சொல்லை எடைபோட்டு வைக்கும் பயிற்சி கவிஞர்க்கு இயல்பாக வாய்த்தது. அப்பயிற்சி அலுவலக மேசைக்கும் சென்று சேரவேண்டும். ஓய்வூதியம் வேண்டி எழுதிய மூதாட்டி ஒருவர், தமக்கு வந்த பதிலைப் பிறர் துணையின்றிப் படித்து உணரும்போதே ஆட்சிமொழிச் சட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.