மின்மினிப் பூச்சியும் என் அக்காவும்



மின்மினி ஏன் மின்னுகிறது என்று வகுப்பில் கேட்பீர்கள். "லூசிஃபெரேஸ் என்ற நொதி" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். அதன் மீதிக் கதை இது.

என் அக்காவுக்கு 1983-இல் பிரசவத்தின்போது ரத்தம் ஏற்றினார்கள். இருபது வருடம் கழித்துக் கல்லீரல் சுருங்கிப்போனது. ஹெபடைடிஸ் சி என்று கடைசியில்தான் தெரிந்தது. அதுவரை கீழாநெல்லிதான் அரைத்துக் கொடுத்தோம்.

அந்த வைரஸை 1989-இலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். ஆனால் ஆய்வகத்தில் அது வளரவே இல்லை. வளராத கிருமியிடம் மருந்தை எப்படிச் சோதிப்பது? 2005-இல்தான் தக்காஜி வக்கிதா குழுவினர், ஜப்பானிய நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்த வகையைக் கல்லீரல் செல்களில் வளர்த்துக் காட்டினார்கள். மறு ஆண்டே ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வாளர்கள், மின்மினியின் லூசிஃபெரேஸ் மரபணுவைச் செருகிய வைரஸ்களை வைத்து, அது செல்லுக்குள் நுழையும் முதல் படிகளை ஆராய்ந்தார்கள்.

வைரஸ் உள்ளே புகுந்து பெருகினால் அந்த நொதியும் உண்டாகும். லூசிஃபெரின் சேர்த்தால் ஒளி வரும். அதைக் கருவி அளக்கும். மருந்து கலந்தபின் ஒளி மங்கினால் வைரஸ் அடங்குகிறது என்று பொருள். (செல்லே செத்தாலும் மங்கும், அதைத் தனியாகச் சோதிப்பார்கள். குறும்பு மாணவன் யாராவது கேட்பான் என்று முன்னாலேயே சொல்கிறேன்!)

சோஃபோஸ்புவிர் மாத்திரை 2013-இல் வந்தது. இப்போது பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்குக் குணமாகிறது.

அக்கா போனது 2003.