முத்துப் பற்பமும் சங்குப் பற்பமும்

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில், 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், அண்டிறிக் அடிகளார் என்ற போர்த்துகீசியத் துறவி ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதன் செலவைத் தாங்கியது பெரும்பாலும் பரதவர் கொடுத்த காணிக்கை, அதாவது கடலுக்குள் மூச்சடக்கி முத்துக் குளித்துச் சம்பாதித்த பணம். அந்தக் கரையின் முத்து பணமாக மட்டும் போகவில்லை, மருந்தாகவும் போயிற்று. 1563-இல் கோவாவில் வெளியான கார்சியா த ஓர்த்தாவின் மருந்துச்சரக்கு நூல் முத்தையும் சங்கையும் ஒரே அத்தியாயத்தில் பேசுகிறது. வேதியியல் பிறக்காத காலத்தில் இரண்டையும் ஒரே கூடையில் போட்டது பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது.

   முத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கால்சியம் கார்பனேட். சங்கிலும் அதுவே, கிளிஞ்சலிலும் அதுவே. சித்த மருத்துவம் இவற்றைக் குன்மம் என்ற வயிற்று நோய்க்குக் கொடுத்ததில் தவறில்லை: வயிற்று அமிலத்தை இந்தக் கார்பனேட் முறித்துவிடும். ஆனால் அந்த வேலைக்கு முத்தே வேண்டும் என்பதற்கு வேதியியல் துணை நிற்கவில்லை. சிப்பியை அழுகவிட்டு, அலசி, மிஞ்சிய கசடைச் சலித்தால் துளையிடக்கூட முடியாத பொடிமுத்து கிடைக்கும். ஆரத்தில் கோக்க ஆகாத அந்தப் பொடிக்கு வைத்தியர் வாங்குபவராக வாய்த்தார். முத்தைச் சுட்டு நீறாக்கிய முத்துப் பற்பத்தின் மதிப்பு பெருமளவும் முத்தின் விலையிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

மறுப்பு உண்டு. முத்து மருந்து வணிகர் கட்டிய கதையல்ல, வைத்திய நூல்களில் பழையது என்பார்கள். உண்மைதான், ஆனால் பழமை ஒரு சேர்மத்தை இன்னொன்றாக்காது. இரண்டாம் மறுப்பு வலுவானது: முத்தின் அடுக்குகளை ஒட்டவைக்கும் கான்கியோலின் என்ற புரதம் இருக்கிறதே? இருக்கிறது, சில விழுக்காடு. ஆனால் முத்தை அகலில் வைத்து, மேலகலால் மூடி, சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடமிட்டால் முதலில் கரிந்து போவது அந்தப் புரதம்தான். முத்தின் அரகோனைட்டும் அந்தச் சூட்டில் கால்சைட்டாக மாறும். புடமிடாமல் அரைத்த முத்துக்கு வேண்டுமானால் இந்த வாதம் கொஞ்சம் பொருந்தும்.

அந்த முத்தும் இன்று பழையபடி கிடைப்பதில்லை: தூத்துக்குடியில் கடைசிப் பெரிய முத்துக்குளிப்புத் தொடர் 1961-இல் முடிந்தது. 1973-இல் அருகே வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. அவ்வகை முத்தின் நடுவில் இருப்பது ஓட்டில் கடைந்தெடுத்த மணி. முத்துப் பூச்சு மேலே மெல்லிய போர்வை. அதை வாங்கி அரைப்பவர் பெரும்பாலும் ஓட்டைத்தான் அரைக்கிறார்.