அவதார்
திரையில் சட்டையும் தொப்பியும் மாற்றிக்கொண்டிருந்த தம்பி மகன், "பெரியப்பா, என் அவதாரைப் பாருங்க" என்றான். நம் அவதாரம்தான் ஊர் சுற்றி, ஈறு குறைந்து வந்திருக்கிறது. வடமொழியில் 'இறங்கி வருதல்' என்று பொருள். 1985இல் வந்த அல்டிமா 4 விளையாட்டில் அது நற்குணங்களில் தேறியவர் பெறும் பட்டம். லூக்காஸ்பிலிமின் ஹேபிடாட் என்ற விளையாட்டில் ஆடுபவரின் திரையுருவம். கடவுள் இறங்கிய இடத்தில் இப்போது ஆடுபவர் இறங்குகிறார். "இதென்னடி அவதாரம்!" என்று கோலத்தைக் குறித்துக் கேட்பது நம் வீடுகளில் பழைய வழக்கம்; ஆகவே தோற்றம் என்ற பொருள் நமக்குப் புதிதன்று. தோற்றரவு என்ற தனித்தமிழ்ச் சொல் தெய்வத்துக்கே பொருந்தும். விளையாட்டுக்கு என் தேர்வு 'உரு'. உருமாற்று, உருவெடு என்று வினைகளும் கூடவே வரும். பிள்ளைகள் வாயிலும் எளிதாக நிற்கும்.