நெட் இருக்கு, பிஎச்டி இருக்கு... வேலை எங்கே? பல்கலைக்கழகப் பேராசிரியர் நியமனம் எப்படி நடக்கிறது?

'நெட் பாஸ் பண்ணியாச்சு, பிஎச்டியும் முடிச்சாச்சு, ஆனா இன்னும் கெஸ்ட் லெக்சரர்தான்.' தமிழ்நாட்டின் கல்லூரி ஸ்டாஃப் ரூம்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஒரு பக்கம் தகுதியானவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் பல்கலைக்கழகத் துறைகளில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. நாம் இதை வேலைவாய்ப்புப் பிரச்னையாக மட்டுமே பார்க்கிறோம். ஆனால் ஒரு பேராசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், பிஎச்டி சேரும் மாணவர்களுக்கான இடமும் சேர்ந்தே குறைகிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

யார் வேலை கொடுப்பது?

'காலேஜ் புரொபசர்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் நியமன வழி ஒன்றல்ல. அரசு கலை அறிவியல் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியம், அதாவது டிஆர்பி. அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் நிர்வாகம் தேர்ந்தெடுக்கும், அரசு ஒப்புதல் கொடுக்கும். பல்கலைக்கழகத் துறை என்றால் அந்தப் பல்கலைக்கழகமே அறிவிப்பு வெளியிட்டு, தன் தேர்வுக்குழு மூலம் ஆள் எடுக்கும். இங்கே நாம் பார்க்கப்போவது கடைசி வழியை.

தகுதி என்ன?

யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ம் ஆண்டு விதிகள்தான் அடிப்படை. உதவிப் பேராசிரியர் ஆக முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. கூடவே நெட் அல்லது செட் தேர்ச்சி.

பிஎச்டி கட்டாயமா? இதில் யுஜிசி நிறையவே குழப்பியது. பல்கலைக்கழகத் துறைகளில் சேர 2021 ஜூலை முதல் பிஎச்டி கட்டாயம் என்றார்கள். பிறகு அதை 2023 ஜூலைக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த ஜூலை வந்ததும், நெட் அல்லது செட் போதும், பிஎச்டி கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டார்கள்.

ஆனால் இதை நம்பி பிஎச்டியை விட்டுவிட முடியாது. விண்ணப்பித்தவர்களில் யாரை நேர்காணலுக்கு அழைப்பது என்பதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கிறது. அதில் பிஎச்டிக்கு மட்டும் 30 மதிப்பெண். நெட்டுக்கு 5, ஜேஆர்எஃப்போடு நெட் என்றால் 7, செட்டுக்கு 3. ஆய்வுக் கட்டுரைகளுக்கு அதிகபட்சம் 10. கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் அதிகபட்சம் 10. பேப்பரில் கட்டாயமில்லை, ஆனால் பிஎச்டி இல்லாதவர் நேர்காணல் பட்டியலில் இடம்பிடிப்பதே கஷ்டம்.

மார்க் எடுத்தா வேலை கிடைச்சிடுமா?

கிடைக்காது. பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்க மட்டுமே. உள்ளே போனபிறகு அதற்கு மதிப்பு இல்லை. நேர்காணலில் எப்படிச் செய்தார் என்பதை மட்டும் வைத்தே இறுதித் தேர்வு நடக்கும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. பட்டியலில் முதலிடத்தில் இருந்தவரும் கடைசியில் இருந்தவரும் அந்த அறைக்குள் சமம்.

அந்த அறையில் யார் இருப்பார்கள்? தலைமை துணைவேந்தர். வேந்தர் நியமிக்கும் ஒரு கல்வியாளர், வெளியிலிருந்து வரும் மூன்று பாட வல்லுநர்கள், புல முதன்மையர், துறைத் தலைவர் ஆகியோரும் இருப்பார்கள். குறைந்தது நான்கு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதில் இரண்டு பேர் வெளி வல்லுநர்களாக இருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு இல்லாமல் நேர்காணலே எல்லாம் என்கிறபோது, சிபாரிசு, பணம் என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. 2018 பிப்ரவரியில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் அப்போதைய துணைவேந்தர், உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் லஞ்சம் வாங்கியதாகக் கைது செய்யப்பட்டது பலருக்கும் நினைவிருக்கும்.

துணைவேந்தரே இல்லைன்னா?

தேர்வுக்குழுத் தலைவர் நாற்காலியே காலி என்றால் நேர்காணலை யார் நடத்துவது? பாரதியார் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2022 அக்டோபரிலும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக்காலம் 2023 ஆகஸ்ட்டிலும் முடிந்தது. அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் தேடுதல் குழுவில் யுஜிசி பிரதிநிதி இருக்க வேண்டுமா என்பதில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் மோதல். விஷயம் நீதிமன்றங்களுக்குப் போனது. அதுவரை ஒருங்கிணைப்புக் குழுக்கள்தான் நிர்வாகத்தைக் கவனித்தன. இதற்கு நடுவே, நியமன முறையையே மாற்றும் வரைவு விதிகளை யுஜிசி 2025 ஜனவரியில் வெளியிட, தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது.

கெஸ்ட் லெக்சரர் போதாதா?

வகுப்பு நடக்கணும், அதனால் கௌரவ விரிவுரையாளரை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் கொடுக்கலாம் என்று யுஜிசி 2019-லேயே சொல்லிவிட்டது. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களுக்குக் கிடைத்துவந்தது 25,000 ரூபாய். அதுவும் வருடத்துக்கு 11 மாதம்தான்.

இதைவிட வலிக்கிற விதி ஒன்று இருக்கிறது. தற்காலிகப் பணிக்காலத்தைப் பின்னாளில் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் கணக்கில் எடுக்க வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் நிரந்தரப் பேராசிரியருக்குக் குறையாத மொத்த ஊதியம் வாங்கியிருக்க வேண்டும் என்கிறது 2018 விதி. அதாவது குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்ததாலேயே, பார்த்த வேலை கணக்கில் வராது. சம்பளத்தை முடிவு செய்தது அவர் இல்லையே!

இதில் மாணவருக்கு என்ன நஷ்டம்?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர் பாடம் நடத்தலாம், விடைத்தாள் திருத்தலாம். ஆனால் பிஎச்டி கைடு ஆக முடியாது. யுஜிசியின் 2022-ம் ஆண்டு பிஎச்டி விதிப்படி, நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் நெறியாளர். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கு வழிகாட்டலாம். இணைப் பேராசிரியர் 6 பேருக்கு, உதவிப் பேராசிரியர் 4 பேருக்கு.

ஒரு துறையில் இரண்டு பேராசிரியர்களும் ஓர் இணைப் பேராசிரியரும் ஓய்வுபெற்று, அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். 8, 8, 6 என 22 ஆய்வு மாணவர்களுக்கான இடம் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று காலியிடம்தான். ஓய்வுபெறும் நாள் வரைக்கும்கூட அது காத்திருக்காது. பணி முடிய மூன்று ஆண்டுக்குள் இருக்கும் ஆசிரியர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு ஓய்வுக்குப் பின் இணை நெறியாளராகத் தொடரலாம், அதுவும் 70 வயது வரை.

சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம். வேலைக்கு பிஎச்டி வேண்டும், பிஎச்டிக்கு கைடு வேண்டும், கைடு ஆக நிரந்தர வேலை வேண்டும், அந்த வேலையோ நிரப்பப்படவில்லை.

புதுசா சேருபவருக்குக் கற்றுக்கொடுப்பது யார்?

புதிய ஆசிரியர்களுக்கு ஒரு மாத அறிமுகப் பயிற்சி தர 'குரு தக்ஷதா' என்ற வழிகாட்டியை யுஜிசி 2019-ல் வெளியிட்டது. பயிற்சி நல்லதுதான். ஆனால் வினாத்தாள் எப்படி எடுப்பது, ஆய்வு மாணவரின் முதல் அத்தியாயத்தை எப்படித் திருத்துவது என்பதெல்லாம் பக்கத்து அறையில் இருக்கும் சீனியரைப் பார்த்துத்தான் வரும். பல ஆண்டுகள் ஆள் எடுக்காமல் விட்டுவிட்டு மொத்தமாக எடுத்தால், அந்த சீனியர் ஏற்கெனவே ஓய்வுபெற்றுப் போயிருப்பார்.

பிஎச்டி சேரப்போறீங்களா?

கைடு சம்மதித்துவிட்டார் என்று உடனே பணம் கட்டிவிட வேண்டாம். அவர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா, ஓய்வுக்கு இன்னும் எத்தனை ஆண்டு, இப்போது அவரிடம் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள், அந்தத் துறையில் வேறு யாருக்கு கைடு அங்கீகாரம் இருக்கிறது? இந்த நான்கையும் துறை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதவிப் பேராசிரியர் என்றால் பிஎச்டியோடு குறைந்தது மூன்று ஆய்வுக் கட்டுரைகளும், அதற்கு மேல் நிலையில் இருப்பவர் என்றால் ஐந்தும் வெளியிட்டிருக்க வேண்டும் என்பதையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.